ஒப்புக்கொண்டாலன்றி

பல்லடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் இடையில்
வேலப்பனின் ஆவண எழுத்துக் கடை.
அங்கே தட்டச்சு நான்.
பதினான்கு வருடமாக
ஊரார் நிலத்தின் நான்கெல்லையும் எனக்கு மனப்பாடம்:
வடக்கே இட்டேரி, கிழக்கே வாய்க்கால்,
தெற்கே முன்னாள் சோளக்காடு,
இந்நாள் சைட் நெம்பர் நாற்பத்தியொன்று.

புதுச் சட்டம் வந்தபோது
வாடகை ஒப்பந்தங்கள் மஞ்சள் பையில் வந்தன.
பதியோணுமாம், நெம்பர் தருவாங்களாம்,
முன்பணம் மூணு மாசத்துக்கு மேல கூடாதாம் என்று
ஆளுக்கொரு 'ஆம்' ஒட்டிப் பேசினார்கள்.
வேலப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டி
அந்தப் பிரிவை வாசித்துக் காட்டினார்.
மூன்று மாதம் இருந்தது.
அதற்கு முன்னால்
வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி
என்பதும் இருந்தது.
"அது போதுமுங்க" என்றார்
நாலு காம்ப்ளக்ஸ் வைத்திருக்கும் அரிசிமில்காரர்,
சந்துக்குள் தன் வீட்டு வாசலைக் கண்டவர் போல.

அன்றிலிருந்து எல்லா ஒப்பந்தத்திலும்
அந்த வரியை அப்படியே இறக்குகிறோம்.
விரலுக்குத் தானாக வரும்.
சைசிங் மில் ஓரத்து லைன் வீடு,
கறிக்கோழிக் கம்பெனி மேனேஜரின் மாடி,
ஒடிசாப் பையன்கள் பதினொரு பேர் படுக்கும்
தகரக் கொட்டாய்.
ஒப்புக்கொண்டார்கள்.
எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.
கைநாட்டு மையைத் துடைக்க
ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வைத்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ராக்கியண்ணன் வந்தார்.
என் வீட்டுக்காரர்.
புருசனைச் சொல்லவில்லை, சொந்தக்காரரைச் சொல்கிறேன்.
தமிழில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான்.
இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான்
வெளியூர் போக வேண்டும்.
அவருக்கு ஒன்பது லைன் வீடு,
ஆறாவது எங்களுடையது.
எங்களுடையது என்றே வாயில் வருகிறது.

"அம்மிணி, நம்ம லைனுக்கும் நீயே அடிச்சுக் குடுத்துரு,
வெளிய எதுக்கு."
சொத்து வரி ஏறிப்போச்சு,
போருக்கு மோட்டார் மாத்தோணும்,
சின்னவளுக்கு நர்சிங் பீஸ் என்று
கேட்காமலே கணக்குச் சொன்னார்.
பொய்யில்லை.
அந்த மோட்டார் விடிகாலையில் இருமுவது
என் தலைமாட்டுச் சுவரில்தான்.

வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு.
முன்பணம் ஐம்பத்தைந்தாயிரம்.
அடித்துக்கொண்டே போனேன்.
அந்த வரி வந்தது.
'லன்றி' இருக்குமிடத்தில்
'லும்' போட்டால் என்ன?

வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலும்
மூன்று மாத வாடகைக்கு மேல்
முன்பணம் வாங்கலாகாது.

போட்டே விட்டேன்.
ஓர் எழுத்துக் குறைந்தது.
இலக்கணப் பிழை இல்லை.
கீழ்வரியில் இருந்த ஐம்பத்தைந்தாயிரம்
திருட்டு முழி முழித்தது.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு மிச்சம்,
ரெண்டு பவர் டேபிள் சீசனுக்கு
புருசன் ஓவர்டைம் பார்க்கும் காசு.

வெளியே ராக்கியண்ணன்
வழுக்கையாகப் பார்த்து வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.
வேலப்பன் காற்றாடிக்கு அடியில் கண்ணசந்திருந்தார்.
வெள்ளைத்தாளில் ஒரு பிரதி எடுத்தேன்.
சூடாக இருந்தது.
மடித்துச் சோத்துப்போசிக்கு அடியில் வைத்தேன்.
பிறகு 'லும்'மை அழித்து
'லன்றி'யைத் திரும்ப அடித்து
முத்திரைத்தாளைச் செருகினேன்.

அவர் படிக்கவில்லை.
தொகையில் மட்டும் விரல் வைத்துப் பார்த்தார்.
எனக்கும் ஓர் இளநீர் வாங்கி வந்திருந்தார்.
நல்ல தண்ணி.
குடித்து முடித்து,
வாடகைதாரர் என்ற சொல்லுக்கு மேலே
நானே அடித்த புள்ளிக்கோட்டில்
தெய்வானை என்று எழுதினேன்.
இனிச் சாட்சி வேண்டும்.
வேலப்பனை எழுப்பினேன்.